காகிதக் கோப்பையில் ஒரு விண்வெளிப் போர்

1977 மே 25 அன்று 'ஸ்டார் வார்ஸ்' திரைப்படம் அமெரிக்காவில் வெளியானபோது, அதன் பொம்மைகளைச் செய்யும் உரிமையை வாங்கியிருந்த கென்னர் நிறுவனத்திடம் கதாபாத்திரப் பொம்மை ஒன்றுகூடத் தயாராக இல்லை. கிறிஸ்துமஸ் நெருங்கியது, படமோ ஊரெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. கடைசியில் நிறுவனம் ஓர் அட்டை உறையை விற்பனைக்குக் கொண்டுவந்தது. உள்ளே படம் அச்சிட்ட அட்டை மேடை, சில ஒட்டுப்படங்கள், ஒரு சான்றிதழ், அவ்வளவுதான். சான்றிதழைத் தபாலில் அனுப்பிவைத்தால் அடுத்த ஆண்டு லூக், இளவரசி லேயா, செவ்பாக்கா, ஆர்2-டி2 என்ற நான்கு பொம்மைகள் வீடு தேடி வரும். அந்தத் தொடரின் புகழ்பெற்ற பொம்மை வியாபாரம் இப்படிப் பொம்மையே இல்லாத அட்டை ஒன்றில்தான் தொடங்கியது. பிறகு பொம்மைகள் கோடிக்கணக்கில் வந்தன. அவற்றோடு சேர்ந்து இன்னொன்றும் வளர்ந்தது: அட்டை, காகிதம், பசை, பழைய டப்பா ஆகியவற்றைக் கொண்டு அந்த உலகத்தைக் குழந்தைகளே வீட்டில் செய்துபார்க்கும் பழக்கம். 2011-ல் பானி பர்ட்டன் எழுதிய கைவேலைப் புத்தகம் முழுக்க முழுக்க இந்தத் தொடருக்கென்றே வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு வெளியான டாம் ஆங்கிள்பெர்கரின் சிறுவர் நாவலில் தொடரின் கதாபாத்திரமான யோடாவைக் காகிதத்தில் மடித்துச் செய்த பொம்மைதான் கதையின் மையம்.

இத்தகைய கைவேலைகளைப் பெற்றோரும் ஆசிரியர்களும் விரும்புவதற்குச் சொல்லும் காரணம், அறிவியல் புனைகதை குழந்தையை அறிவியலுக்கு இழுத்து வரும் என்பது. அந்த நம்பிக்கை பாதிதான் சரி. முட்டைப் பெட்டிக்கு வெள்ளைச் சாயம் பூசி விண்கலம் என்று அலமாரியில் வைத்தால் விரல்களுக்குப் பயிற்சி, கண்ணுக்கு மகிழ்ச்சி. இரண்டும் நல்லவை, ஆனால் அங்கே அறிவியல் எதுவும் நிகழவில்லை. அறிவியல் நுழைவது வேறொரு வாசல் வழியாக. கதையில் வரும் பொருள் எப்படி இருக்கிறது என்பதை விட்டு, அது என்ன செய்கிறது என்பதைச் செய்துபார்க்கும்போது இயற்கை உடனே குறுக்கே வந்து நிற்கிறது. படத்தில் வரும் ஒளிவாளின் வடிவத்தை அட்டையில் வெட்டுவதற்கு ஒளியைப் பற்றி எதுவும் தெரிந்திருக்க வேண்டாம். ஒளியை ஒரு முழ நீளத்தில் நிறுத்திக் காட்ட முயன்றால் ஒளியின் இயல்பைத் தெரிந்துகொள்ளாமல் தப்பவே முடியாது. ஆகவே இந்தத் தொடரைக் கொண்டு குழந்தைக்குக் கைவேலை தேர்ந்தெடுப்பவர்கள் பார்க்க வேண்டியது தோற்றத்தை அல்ல, செயலை. வினோதம் என்னவென்றால், அந்தப் படத்தை எடுத்தவர்களே அப்படித்தான் வேலை செய்தார்கள்.

அந்த முதல் படத்தில் வரும் லேசர் துப்பாக்கியின் 'ப்யூ' என்ற ஓசையை எடுத்துக்கொள்வோம். உலகத்தின் எந்த மூலையில் குழந்தைகள் துப்பாக்கி விளையாட்டு விளையாடினாலும் இன்று வாயால் அந்த ஓசையைத்தான் எழுப்புகிறார்கள். ஒலி வடிவமைப்பாளர் பென் பர்ட் அதை எந்த மின்னணுக் கருவியிலும் உருவாக்கவில்லை. உயர்ந்த வானொலிக் கோபுரம் சாயாமல் இருக்க நாலாபுறமும் இழுத்துக் கட்டியிருக்கும் எஃகுக் கம்பியைச் சுத்தியலால் தட்டி, கம்பியோடு ஒட்ட வைத்த ஒலிவாங்கியில் பதிவு செய்தார். ஒரே ஒரு தட்டு. ஆனால் கேட்பது 'டக்' என்ற ஓசை அல்ல. கீச்சென்று தொடங்கிக் கனத்த ஒலியாகச் சரிந்து இறங்கும் ஒரு நீண்ட இழுப்பு. தட்டியது ஒரு கணம், ஒலியோ நீண்டு சரிகிறது. இது ஏன்?

இந்தக் கேள்வியை வீட்டிலேயே கேட்க ஒரு ஸ்லிங்கி போதும். படிக்கட்டில் தானாக இறங்கும் அந்தச் சுருள்கம்பி பொம்மை 1945 முதல் கடைகளில் இருக்கிறது. நம் கடைகளில் அதிகம் கிடைக்கும் வானவில் நிறப் பிளாஸ்டிக் சுருள் இதற்கு உதவாது. எஃகில் செய்ததே வேண்டும். சுருளின் ஒரு முனையில் ஒரு காகிதக் கோப்பையின் அடிப்பாகத்தைச் செருகி, கோப்பையைக் கையில் பிடித்துச் சுருளைத் தொங்கவிட வேண்டும். கீழ் முனையை ஒரு கரண்டியால் தட்டினால், அல்லது தரையில் லேசாக மோதவிட்டால், திரையரங்கில் கேட்ட அதே 'ப்யூ' கோப்பையிலிருந்து வரும். சுற்றுச் சுற்றாகக் கிடக்கும் அந்தக் கம்பியை நீட்டினால் ஏறத்தாழ இருபது மீட்டர் வரும். தட்டும்போது கம்பியில் ஒரே சமயத்தில் மெல்லிய ஒலிகளும் கனத்த ஒலிகளும், அதாவது உயர்ந்த அதிர்வெண்ணும் தாழ்ந்த அதிர்வெண்ணும், கலந்தே புறப்படுகின்றன. காற்றில் இவை எல்லாமே ஒரே வேகத்தில் செல்லும்; அதனால்தான் தூரத்தில் அடிக்கும் மேளமும் ஊதும் நாதசுரமும் தாளம் பிசகாமல் நம் காதுக்கு வருகின்றன. எஃகுக் கம்பி வளைந்து வளைந்து அதிரும்போது நிலைமை வேறு. வேகமாக அதிரும் அலை வேகமாக ஓடுகிறது, மெதுவாக அதிரும் அலை பின்தங்குகிறது. இருபது மீட்டர் ஓடி முடிப்பதற்குள் கூட்டமாகப் புறப்பட்டவை வரிசையாகப் பிரிந்துவிடுகின்றன. கீச்சொலி முதலில், கனத்த ஒலி கடைசியில். காது அதைச் சரியும் ஒரே ஓசையாகக் கேட்கிறது.

இயற்பியலில் இதற்குப் பிரிகை என்று பெயர். பட்டகத்தில் நுழையும் வெள்ளொளி ஏழு நிறமாகப் பிரிவதும் இதே குடும்பத்தைச் சேர்ந்த நிகழ்ச்சிதான். ஆனால் ஸ்லிங்கியில் கேட்ட ஓசைக்கு இன்னும் நெருங்கிய உறவினர்கள் வானத்தில் இருக்கிறார்கள். மின்னல் வெட்டும்போது எழும் வானொலி அலைகளில் ஒரு பகுதி பூமியின் காந்தப் புலத்தைப் பற்றிக்கொண்டு விண்வெளிக்குப் போய், பூமியின் மறு பாதியில் வந்து இறங்குகிறது. வழியில் உள்ள மின்னூட்டத் துகள்கள் தாழ்ந்த அதிர்வெண்களைத் தாமதப்படுத்துவதால், ஒலிபெருக்கியில் கேட்டால் அது சரிந்து இறங்கும் சீழ்க்கையாக இருக்கும். முதல் உலகப் போரில் எதிரியின் தொலைபேசிப் பேச்சை ஒட்டுக்கேட்க முயன்ற படைவீரர்களின் காதில் இந்தச் சீழ்க்கை விழுந்தது. 1967-ல் ஜோஸ்லின் பெல் முதல் துடிவிண்மீனைக் கண்டறிந்தபோதும் இதே நிகழ்ச்சிதான் கைகொடுத்தது. அதன் ஒவ்வொரு துடிப்பிலும் உயர் அதிர்வெண் முன்னால் வந்தது, தாழ் அதிர்வெண் பின்னால் வந்தது. எவ்வளவு பின்னால் என்பதை அளந்து, இடையிலுள்ள வெளியில் எவ்வளவு எலக்ட்ரான்களைக் கடந்து அது வந்திருக்கும் என்று கணக்கிட்டு, விண்மீனின் தூரத்தை மதிப்பிட்டார்கள். ஒரு பொம்மைச் சுருளும் காகிதக் கோப்பையும் வைத்திருக்கும் எட்டு வயதுக் குழந்தைக்கு இதையெல்லாம் சொல்லித் தர வேண்டியதில்லை. கோப்பையை எடுத்துவிட்டுத் தட்டச் சொன்னால் போதும். ஓசை ஏறக்குறைய மறைந்துவிடும். மெல்லிய கம்பியால் காற்றை அதிகம் தள்ள முடியாது. கோப்பையின் அகன்ற பரப்பு தள்ளும். வீணைக்குக் குடம் எதற்கு என்ற கேள்விக்கும் அங்கேயே பதில் கிடைத்துவிடுகிறது.

ஒளிவாளிலும் இதே பாடம் வேறு உருவில் இருக்கிறது. குழந்தைகள் செய்யும் ஒளிவாள் பெரும்பாலும் வண்ணக் காகிதம் சுற்றிய குழாய். செயலைச் செய்யத் துணிந்தால் முதல் சிக்கல் உடனே வரும்: டார்ச்சை அடித்தால் ஒளி எதிர்ச் சுவர் வரை போய் விழுகிறது, வாள் போல நடுவழியில் நிற்பதில்லை. தவிர, பக்கத்திலிருந்து பார்ப்பவர் கண்ணுக்கு அந்த ஒளிக்கற்றை தெரிவதே இல்லை. தூசியோ புகையோ இருந்தால்தான் தெரியும், ஏனென்றால் ஒளி நம் கண்ணை நோக்கிச் சிதறினாலன்றி நாம் அதைப் பார்க்க வழியில்லை. ஊதுபத்திப் புகையில் கற்றை தெரியும். டார்ச் முனையில் டிரேசிங் காகிதத்தைக் குழாயாகச் சுருட்டி மாட்டினால் குழாய் முழுவதும் ஒளிரும். இந்த இடத்தில் 1977 படக்குழுவினர் செய்தது குழந்தைகளுக்கு இன்னும் சுவையானது. அவர்கள் வாளின் கைப்பிடியைப் பழைய கிராஃப்லெக்ஸ் கேமராவின் ஃபிளாஷ் கைப்பிடியிலிருந்து உருவாக்கினார்கள். அலங்கார வேலைக்குப் பொறுப்பாக இருந்த ரோஜர் கிறிஸ்டியன் அதை லண்டனில் ஒரு கேமராக் கடையில் கண்டெடுத்தார். உடைத்து விற்ற விமானங்களின் பாகங்களைக் கொண்டுதான் விண்கலத்தின் உட்புறத்தையும் நிரப்பினார். அடுத்த ஆண்டு அந்த வேலைக்கு ஆஸ்கர் பெற்றவர்களில் அவரும் ஒருவர். வாளின் அலகாக வைத்தது, சாலைப் பலகைகளில் ஒட்டும் எதிரொளிப்புத் தாள் போன்ற பொருளைச் சுற்றி மோட்டாரால் சுழலவிட்ட ஒரு குச்சி. கேமரா இருக்கும் திசையிலிருந்தே அதன்மேல் விளக்கை அடித்தார்கள். அந்த ஒளி போதாமல் போனதால் பிறகு சட்டகம் சட்டகமாகக் கையால் மெருகேற்றினார்கள்.

விளக்கு ஏன் கேமராவின் திசையிலேயே இருக்க வேண்டும்? இதைக் குழந்தை தன் கையாலேயே கண்டுபிடிக்கலாம். லாரிகளின் பின்புறம் சிவப்பும் மஞ்சளுமாக ஒட்டியிருக்கும் அந்த நாடாவை ஒரு குச்சியில் சுற்றி, அறையை இருட்டாக்கி, கைபேசி விளக்கைக் கண்ணை ஒட்டிப் பிடித்தால் குச்சி தீயாக மின்னும். விளக்கைக் கை நீளத்துக்குப் பக்கவாட்டில் நகர்த்தினால் மினுக்கம் சட்டென்று அணைந்துவிடும். சாதாரணக் கண்ணாடி, விழுந்த ஒளியை எதிர்ப்பக்கம் அனுப்புகிறது. இந்த நாடாவோ எங்கிருந்து ஒளி வந்ததோ அங்கேயே திருப்பி அனுப்புகிறது. ஒருவகை நாடாவில் கடுகைவிடச் சிறிய கண்ணாடி மணிகள் இந்த வேலையைச் செய்கின்றன. இரவில் பூனையின் கண் மின்னுவதும் ஏறக்குறைய இந்த முறையில்தான். சைக்கிளின் பின்னாலிருக்கும் சிவப்பு எதிரொளிப்பானில் அறையின் மூலை போல மூன்று தளங்கள் ஒன்றுக்கொன்று செங்குத்தாகச் சந்திக்கும் குழிகள் அடுக்கடுக்காக இருக்கும்; உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் தெரியும். 1969-ல் அப்போலோ 11 வீரர்கள் நிலவில் வைத்துவிட்டு வந்த கருவியிலும் இதே மூலை வடிவத்தில் நூறு கண்ணாடித் துண்டுகள் இருக்கின்றன. பூமியிலிருந்து அதன்மேல் லேசரை அடித்து, திரும்பி வரும் நேரத்தை அளந்துதான் நிலவு ஆண்டுக்கு ஏறத்தாழ 3.8 சென்டிமீட்டர் வீதம் நம்மைவிட்டு விலகுவதைத் துல்லியமாகத் தெரிந்துகொண்டிருக்கிறோம். கற்பனை வாள் ஒன்றைச் செய்யப் புகுந்த குழந்தையின் கையில் நிலவை அளக்கும் கருவியின் தத்துவம் வந்து சேர்கிறது. இது தற்செயல் அல்ல. செயலை நாடிப் போகிறவர்கள் எல்லோரும் ஒரே இயற்கை விதிகளில்தான் போய் முட்டுகிறார்கள்.

மூன்றாவது உதாரணம், ஏற்கெனவே பல வீடுகளில் செய்திருக்கக் கூடியது. படத்தில் ஆர்2-டி2 என்ற இயந்திரன் வெளியிடும் லேயாவின் ஒளியுருவத்தை நினைவூட்டும் வகையில், ஒளிபுகும் பிளாஸ்டிக் தாளில் நான்கு சரிவகங்களை வெட்டி, உச்சி மழுங்கிய பிரமிடாக ஒட்டி, கைபேசித் திரையின்மேல் தலைகீழாக வைப்பார்கள். திரையில் ஓடும் படம் பிரமிடுக்கு நடுவே அந்தரத்தில் நிற்பது போலத் தெரியும். இதை ஹோலோகிராம் என்று சொல்லிக் கொடுக்கும் வழக்கத்தை நிறுத்த வேண்டும். ஹோலோகிராம் என்பது 1947-ல் டென்னிஸ் காபார் கண்டறிந்து, 1971-ல் நோபல் பரிசு பெற்ற முற்றிலும் வேறான நுட்பம். ஒளி அலைகள் ஒன்றோடொன்று கலந்து உண்டாக்கும் நுண்ணிய வரிகளைப் பதிவு செய்வது. பிரமிடு செய்வது வெறும் பிரதிபலிப்பு. 1862-ல் லண்டனில் ஜான் ஹென்றி பெப்பர் மேடையில் ஆவியை வரவழைத்துக் காட்டியதும் இப்படிச் சாய்த்து வைத்த கண்ணாடியால்தான். உண்மைப் பெயரைச் சொல்வதால் குழந்தையின் வியப்பு குறையாது. ஓடும் பேருந்தின் ஜன்னலில் இரவில் தன் முகம் வெளியே மிதப்பதும் இதுதான் என்று அது தானே கண்டுகொள்ளும்.

இந்தப் பிரமிடின் ஒவ்வொரு சரிவகத்துக்கும் தரும் அளவு பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும்: அடிப்பக்கம் 6 சென்டிமீட்டர், மேல்பக்கம் 1, உயரம் 3.5. குழந்தைகள் அளந்து வெட்டி ஒட்டுவதோடு வேலை முடிந்துவிடுகிறது. அந்த 3.5 எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை. படுத்திருக்கும் திரையின் படம் நிமிர்ந்து நிற்பதாகத் தெரிய வேண்டுமானால் தாள் 45 பாகையில் சாய்ந்திருக்க வேண்டும். ஆறில் பாதி மூன்று, ஒன்றில் பாதி அரை. ஆகவே ஒவ்வொரு பக்கமும் உள்நோக்கி இரண்டரை சென்டிமீட்டர் நகர்கிறது. 45 பாகை என்றால் மேல்நோக்கியும் அதே இரண்டரை. இரண்டு பக்கமும் இரண்டரையாக உள்ள செங்கோண முக்கோணத்தின் கர்ணம், பிதாகரஸ் தேற்றப்படி, 3.5-ஐச் சற்றே தாண்டும். எட்டாம் வகுப்பில் மனப்பாடமாக ஒப்பிக்கப்படும் ஒரு தேற்றம் அந்த வார்ப்புருவுக்குள் வாய்மூடி உட்கார்ந்திருக்கிறது. கைபேசிக்குப் பதிலாகப் பெரிய திரையில் வைக்க ஒரு பிரமிடு செய் என்று சொல்லி அளவைத் தராமல் விட்டால் தேற்றம் தானாக வெளியே வரும்.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். அளவையும் வழிமுறையையும் தராவிட்டால் பெரும்பாலான குழந்தைகள் பாதியில் சோர்ந்து கைவிட்டுவிடுவார்கள் என்பது அது. கற்றல் ஆய்வில் இதற்கு ஆதரவான தரப்பு சாதாரணமானதல்ல. 2006-ல் கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் ஆகிய மூவரும் எழுதிய கட்டுரை, வழிகாட்டல் குறைந்த கற்பித்தல் புதிதாகக் கற்பவர்களுக்குப் பலன் தருவதில்லை என்று வாதிட்டது. மனத்தில் ஒரே நேரத்தில் கையாளக்கூடிய விஷயங்கள் மிகக் குறைவு. எல்லாவற்றையும் நீயே கண்டுபிடி என்று விட்டால் அந்தச் சிறு இடம் தேடுவதிலேயே நிரம்பிவிடும், கற்பதற்கு இடம் இருக்காது என்பது அவர்கள் கருத்து. நான் இதை ஏற்கிறேன். ஸ்லிங்கியில் கோப்பையைச் செருக வேண்டும் என்பதை எந்தக் குழந்தையும் தானாகக் கண்டுபிடிக்கத் தேவையில்லை. அதைச் சொல்லித்தான் தர வேண்டும். ஆனால் 2011-ல் எலிசபெத் போனவிட்ஸும் அவரது குழுவினரும் வெளியிட்ட சோதனையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். கீச்சென்று ஒலிப்பது, விளக்கு எரிவது, இசைப்பது, கண்ணாடி காட்டுவது என நான்கு செயல்கள் ஒளிந்திருக்கும் ஒரு பொம்மையைப் பள்ளி செல்லும் வயதை எட்டாத குழந்தைகளிடம் கொடுத்தார்கள். பெரியவர் ஒருவர் இது எப்படி வேலை செய்கிறது பார் என்று ஒரே ஒரு செயலைக் கற்பித்துக் காட்டிய குழந்தைகள் அதையே திரும்பத் திரும்பச் செய்தன, மற்றவற்றைத் தேடுவது குறைந்தது. பெரியவர் தற்செயலாக அதே செயலைக் கண்டது போல நடந்துகொண்டபோது குழந்தைகள் அதிக நேரம் துருவின, அதிகம் கண்டுபிடித்தன. முழுவதையும் சொல்லிவிட்டால், வேறெதுவும் இல்லை போலும் என்று குழந்தை நியாயமாகவே முடிவு செய்கிறது. இரண்டு ஆய்வுகளையும் சேர்த்துப் படித்தால் கிடைப்பது ஒரு நடைமுறை விதி: செய்யும் வழியைத் தெளிவாகச் சொல்லலாம், அது ஏன் அப்படி நடக்கிறது என்பதையும், வேறெப்படி நடக்கும் என்பதையும் திறந்து வைக்க வேண்டும். 6, 1, 3.5 என்ற அளவில் முதல் பிரமிடைச் செய்யட்டும். இரண்டாவதற்கு அளவு தரக் கூடாது.

இன்னொரு மறுப்பு அறிவியல் ஆர்வலர்களிடமிருந்தே வரும். 'ஸ்டார் வார்ஸ்' அறிவியல் புனைகதையே அல்ல, விண்வெளி உடை உடுத்திய மாயாஜாலக் கதை. வெற்றிடத்தில் குண்டு வெடித்தால் சத்தம் கேட்கிறது, காற்றே இல்லாத இடத்தில் கலங்கள் விமானம் போலச் சாய்ந்து திரும்புகின்றன, இதைக் கொண்டு குழந்தைக்கு என்ன அறிவியல் சொல்ல முடியும் என்பார்கள். பிழைகள் உண்மைதான். இரண்டாம் உலகப் போர் விமானச் சண்டைக் காட்சிகளை மாதிரியாக வைத்தே படத்தின் விண்வெளிச் சண்டைகளை அமைத்தார்கள். அதனால்தான் அந்தக் கலங்கள் காற்றில் போவது போலவே போகின்றன. ஆனால் கைவேலையின் பக்கத்திலிருந்து பார்த்தால் இந்தப் பிழைகள்தான் செல்வம். காகிதத்தில் எக்ஸ் வடிவ இறக்கை வைத்த கலத்தைச் செய்து பறக்கவிடும் குழந்தை, இறக்கையை முறுக்கினால் கலம் திரும்புவதைப் பார்க்கிறது. காற்று தள்ளுவதால் திரும்புகிறது. காற்று இல்லாவிட்டால் இறக்கை எதைத் தள்ளும், கலம் எப்படித் திரும்பும் என்ற கேள்வி அந்தக் காகிதத்திலிருந்தே பிறக்கிறது. கதை சரியாகச் சொன்ன இடத்தில் நாம் தலையாட்டிவிட்டுப் போகிறோம். தவறாகச் சொன்ன இடத்தில்தான் நிற்கிறோம்.

அளவு விஷயத்தில் கதை தவறும் இடமும் அப்படித்தான். 1980-ல் வந்த இரண்டாவது படத்தில் கட்டடம் போல் உயர்ந்த நான்கு கால் இயந்திரங்கள் பனிவெளியில் நடந்து வரும். திரையில் நடந்தவை கையால் அசைத்து அசைத்துச் சட்டகம் சட்டகமாகப் படமெடுத்த சிறு மாதிரிகள். ஈரக் களிமண்ணில் உள்ளங்கை அளவுக்கு அப்படி ஒன்று செய்தால் ஒல்லிக் கால்களிலும் உறுதியாக நிற்கும். அதே விகிதத்தில் எல்லாவற்றையும் இரண்டு மடங்காக்கினால் எடை எட்டு மடங்காகிறது. அதைத் தாங்கும் காலின் குறுக்குப் பரப்போ நான்கு மடங்குதான். மூன்று மடங்காக்கினால் எடை இருபத்தேழு, கால் ஒன்பது. எந்த அளவில் கால் நசுங்கி உட்காருகிறது என்பதைக் குழந்தை தன் களிமண்ணில் காணலாம். கலிலியோ 1638-ல் வெளியிட்ட நூலில் சொன்ன விஷயம் இது. மானின் காலை அப்படியே பெரிதாக்கினால் யானையின் கால் ஆகாததற்கும் இதுவே காரணம்.

சில இடங்களில் கதை இயற்கையோடு எதிர்பாராமல் கைகுலுக்குகிறது. படத்தின் எதிரிக் கலங்களான டை ஃபைட்டர்களின் பெயரே இரட்டை அயனி இயந்திரம் என்பதன் சுருக்கம். அயனி இயந்திரம் கற்பனை அல்ல. நாசாவின் டான் விண்கலம் 2007-ல் புறப்பட்டு, செனான் வாயுவை மின்னூட்டி உமிழும் அத்தகைய இயந்திரங்களின் துணையோடு 2011-ல் வெஸ்டாவையும் 2015-ல் சீரிஸையும் அடைந்தது. அதன் உந்துவிசை அதிகபட்சம் 91 மில்லிநியூட்டன். இதைச் செய்துகாட்டும் கைவேலை உலகத்திலேயே எளியது: இரண்டு ஏ4 காகிதங்களை உள்ளங்கையில் வைத்துக்கொள்வது. கை உணரும் அந்த எடைதான், ஏறக்குறைய, ஒரு டன்னுக்கும் மேலான கலத்தைத் தள்ளிய விசை. நின்ற நிலையிலிருந்து மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தை எட்ட அதற்கு நான்கு நாள் வேண்டும். ஆனால் ஆண்டுக்கணக்கில் தள்ளியதால் கலத்தின் வேகத்தை வினாடிக்கு 11 கிலோமீட்டருக்கும் மேல் மாற்ற முடிந்தது. படத்தில் சீறிப் பாயும் கலத்துக்கும் உள்ளங்கையில் கிடக்கும் இந்தக் காகிதத்துக்கும் இடையிலுள்ள தூரத்தை உணரும் குழந்தைக்கு விசை வேறு, அது செயல்படும் காலம் வேறு என்பது விளங்கிவிடும்.

வியாபாரத்தைப் பற்றிய கவலைதான் எனக்கு மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிதாகப்படுகிறது. இந்தத் தொடரின் பெயரில் விற்கும் கைவேலைப் பெட்டிகள் விலை உயர்ந்தவை. பல பெட்டிகளில் எல்லாத் துண்டும் வெட்டித் தயாராக இருக்கும், குழந்தை செய்ய வேண்டியது எண்ணைப் பார்த்து ஒட்டுவது மட்டுமே. எல்லாப் பெட்டிகளும் அப்படியல்ல என்பதையும் சொல்ல வேண்டும். கணினியோடு குழந்தை பேச வேண்டும், கட்டளை வாங்கக் கூடாது என்று 1980-ல் சீமோர் பேப்பர்ட் எழுதிய 'மைண்ட்ஸ்டார்ம்ஸ்' நூலின் பெயரைத் தாங்கி லெகோ நிறுவனம் 1998-ல் ஓர் இயந்திரன் பெட்டியை வெளியிட்டது. அடுத்த ஆண்டு அதே வரிசையில் ஆர்2-டி2 போன்ற இயந்திரன்களைக் குழந்தையே வடிவமைக்கும் பெட்டி ஒன்றும் வந்தது. அது தோற்றத்தை அல்ல, செயலை விற்ற பெட்டி. ஆனாலும் அதை வாங்கக்கூடிய வீடுகள் எத்தனை? இதற்கு விடை வெளிநாட்டில் தேட வேண்டியதில்லை. கான்பூர் ஐஐடியில் படித்த அரவிந்த் குப்தா பல பத்தாண்டுகளாகத் தீக்குச்சி, சைக்கிள் வால்வு ட்யூப், பழைய பேனா, செய்தித்தாள் ஆகியவற்றைக் கொண்டு நூற்றுக்கணக்கான அறிவியல் பொம்மைகளை உருவாக்கி, செய்முறைகளையெல்லாம் இலவசமாகவே கொடுத்தார். 2018-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. அவர் குப்பையிலிருந்து எடுத்ததும், லண்டன் கடைகளிலும் விமானக் குப்பையிலும் ரோஜர் கிறிஸ்டியன் தேடியதும் ஒரே கண்ணால்தான். 1999-ல் வந்த படத்தில் ஒரு ஜெடாய் வீரர் பேசும் தொலைதொடர்புக் கருவி, பெண்களுக்கான சவரக் கத்தி ஒன்றின் கைப்பிடியை அச்செடுத்துச் செய்தது. அசலே குப்பையில் பிறந்திருக்கும்போது நகலுக்கு விலை உயர்ந்த பெட்டி எதற்கு?

கைவேலை நல்லதுதான், ஆனால் தேர்வுக்கு உதவாது என்று சொல்பவர்களுக்கு ஆர்2-டி2-வைச் சொந்தமாகக் கட்டும் ஆர்வலர்களைக் காட்டலாம். ஓய்வு நேரத்தில் கொட்டகையில் உட்கார்ந்து, படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்து அளவெடுத்து, அலுமினியம் வெட்டி, மோட்டாரும் சக்கரமும் பொருத்தி முழு அளவு இயந்திரன்களைச் செய்பவர்கள் அவர்கள். 2015-ல் வெளியான படத்துக்கு ஆர்2-டி2 தேவைப்பட்டபோது தயாரிப்பாளர்கள் பிரிட்டனைச் சேர்ந்த அப்படிப்பட்ட ஆர்வலர்கள் இருவரையே வேலைக்கு அமர்த்தினார்கள். இதைத் தேர்வுக்குப் பதிலாக நான் சொல்லவில்லை. தேர்வு கேட்பது விடையை. கைவேலை பழக்குவது விடை சரிதானா என்று பொருளிடமே கேட்கும் பழக்கத்தை. இரண்டாவது இருந்தால் முதலாவது எளிதாகிறது என்பது என் கணிப்பு. பிதாகரஸைப் பிரமிடில் சந்தித்த குழந்தைக்குக் கணக்குப் புத்தகத்தில் அவர் அந்நியர் அல்ல.

ஆசிரியருக்கோ பெற்றோருக்கோ விடை தெரிந்திருக்க வேண்டுமா என்ற தயக்கம் மட்டும் மிச்சமிருக்கிறது. பிரிகையைப் பற்றி எதுவும் தெரியாத ஒருவரும் ஸ்லிங்கியைத் தொங்கவிடலாம். அடுத்து எதை மாற்றிப் பார்க்கலாம் என்று கேட்டால் போதும். சுருளை இரண்டு மடங்கு இழுத்து நீட்டித் தட்டினால் ஓசை இன்னும் நீளுமா? பெரும்பாலோர் நீளும் என்றுதான் ஊகிப்பார்கள். தட்டிப் பார்த்தால் பெரிய மாற்றம் தெரியாது. சுருளை இழுத்தபோது சுற்றுகளுக்கு நடுவே இடைவெளிதான் கூடியது. அலை ஓட வேண்டிய கம்பியின் நீளம் அப்படியே இருக்கிறது. இப்போது சுருளின் நடுவில் ஒரு சுற்றை ஒருவர் விரல்களால் இறுகப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் அதற்குச் சற்று மேலே கோப்பைப் பக்கமுள்ள சுற்றைத் தட்டட்டும். அலைக்கு ஓடப் பாதிக் கம்பிதான் இருக்கிறது. மெல்லிய ஒலிக்கும் கனத்த ஒலிக்கும் பிரிந்து செல்ல முன்பு கிடைத்த அவகாசம் இல்லை. 'ப்யூ' குறுகி, 'டிக்' என்பதை நோக்கி வருவது காதில் விழும்.